பின் போர்ஷன்

சின்ன வயதுச் சிநேகிதி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மஞ்சள் ஜேசிபி ஒன்று, செங்கல்லும் காரையுமாக ஒரு மேடு, பின்னால் யார் வீட்டு மொட்டை மாடியிலோ காயும் போர்வைகள். வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது தவறி எனக்கு வந்துவிட்டது போல என்று நினைத்து மூடப்போனேன். அப்போதுதான் படத்தின் ஓரத்தில், காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்ற ஒரு முழ அகலச் சுவர்த் துண்டு கண்ணில் பட்டது. மேலே பூசியிருந்த வெள்ளை, அதற்கும் மேலே யாரோ பூசிய பச்சை எல்லாம் உரிந்து, அடியில் வெளிறிய நீலம்.

அது எங்கள் குளியலறைச் சுவர். 1982 தீபாவளிக்கு முன்னால் அப்பா தன் கைக்காசைப் போட்டு, சுண்ணாம்பில் நீலப் பொடி கலந்து அடித்தது. வீட்டுக்காரத் தாத்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளைதானே அடிக்கச் சொன்னேன்" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

"எங்கள்" என்று சொல்ல எனக்குப் பாத்தியதை எதுவும் கிடையாது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அந்தக் குரோம்பேட்டை வீட்டில் 1981 முதல் 1988 வரை வாடகைக்கு இருந்தவர்கள். பின் போர்ஷன். ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே குளியலறை, கிணற்றடி பொது. மாசம் 225 ரூபாய், கரண்டுக்குத் தனி. இடிந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர்களாகவோ பேரப்பிள்ளைகளாகவோ இருக்கிறார்கள், தாத்தா கட்டினார், பாட்டி ஆண்டாள் என்று போகும் அந்தக் கதை. குடித்தனக்காரர்கள் யாரும் எழுதி நான் அதிகம் படித்ததில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை என்ற பெயரை வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். ரசாயனத்தின் பெயரைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும் ஊர் வேறு எங்கே இருக்கிறது? ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோல் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு என்றால் சில நாள்தான், ஈரத் தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னை ஓவியப் பள்ளியில் சோதித்துப் பார்த்த வித்தை அது. அதை வைத்துப் பல்லாவரத்துக்குத் தெற்கே எழுந்ததுதான் குரோம் லெதர் கம்பெனி. நடத்தியவர் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர். இன்றும் சேம்பர்ஸ் காலனி இருக்கிறது, சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு இருக்கிறது. அந்த மூன்று எழுத்துக்கு விரிவு என்ன என்று அங்கே குடியிருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீடு தண்டவாளத்துக்குக் கிழக்கே, ராதா நகர் கேட்டைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு அங்கே பருவம் என்பதே மூக்கு வழியாகத்தான் தெரியும். ஆடியில் மேல்காற்று அடித்தால் நாகல்கேணிப் பக்கமிருந்து டேனரி வாடை வரும், சோறு இறங்காது. மார்கழியில் வாடைக்காற்று திரும்பினால் பல்லாவரம் பாண்ட்ஸ் கம்பெனியின் பவுடர் வாசனை. காலையில் கோலம் போடும்போது யாரோ குளித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருக்கும் என்று அம்மா சொல்வாள். இப்போது அந்தச் சிக்னலில் பெயர் மட்டும் மிச்சம், பஸ் கண்டக்டர்கள் "பாண்ட்ஸ், பாண்ட்ஸ்" என்று இறக்கிவிடுகிறார்கள்.

வீட்டைக் கட்டிய தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா. பார்க் டவுன் ஆபீஸ். பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் குமாஸ்தாக்களின் ஊராக மாறியதற்கு அந்த ரயில்தான் காரணம் என்பார் அவர். திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள், சைதாப்பேட்டையில் இருந்தவர்கள், கொஞ்சம் மண் வேண்டும், கிணறு வேண்டும், ஒரு முருங்கை வைக்க வேண்டும் என்று தெற்கே தெற்கே வந்தார்கள். 1957-ல் ஒன்றரை கிரவுண்டு வாங்கினார். கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் விலை இரண்டு மடங்காம். தினமும் கேட்டில் நிற்கும் கால் மணி நேரத்தைத் தான் தவணையாகக் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். இந்த ஒரு நகைச்சுவையைத் தவிர அவரிடம் வேறு நகைச்சுவை கிடையாது.

வீடு எழுந்தது 1961-ல். முன்பக்கம் முழுக்க மெட்ராஸ் டெரஸ் கூரை. அந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்களோ, அதனால் வீட்டுக்காரப் பாட்டி சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். தேக்கு விட்டங்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே மெல்லிய அச்சுக்கல்லைச் செங்குத்தாக, குறுக்கு வாட்டத்தில் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். காரை அரைக்கத் தெருவிலேயே வட்டமாகப் பள்ளம் வெட்டி, மாடு கட்டிக் கல் சக்கரம் சுற்றும். கல் இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாள்கணக்கில். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். வெல்லத் தண்ணீருக்குத் தெருப் பிள்ளைகளும் எறும்புகளும் சேர்ந்து வந்ததாகப் பாட்டி சொல்வார். மே மாதத்தில் அந்தக் கூடத்தில் வெறும் தரையில் படுத்தால் போதும், ஃபேன் வேண்டாம். பின் போர்ஷனில் இருந்த நாங்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மத்தியானம் அங்கே போய்விடுவோம்.

எங்கள் போர்ஷன் வேறு ஜாதிக் கட்டடம். 1978-ல் சேர்த்தது, கான்கிரீட் தளம். சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது, பர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். 1982-ல்தான் அரசாங்கம் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. கிடைத்த மூட்டைகள் தளத்துக்கே சரியாகப் போய்விட்டன. சுவருக்குப் பாதி சுண்ணாம்பு, பாதி கடவுள். ஆணி அடித்தால் ஆணி நிற்காது, சுவர் கொட்டும். எங்கள் வீட்டுக் காலண்டர் ஏழு வருஷமும் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.

படம் வந்த மறுநாள் ராத்திரி, தூக்கம் வராமல், பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். சிநேகிதி அனுப்பிய இன்னொரு படத்தில், தகரத் தடுப்பில் தொங்கிய பலகையில், சர்வே எண் இருந்தது. 1975-லிருந்து ஆன்லைனில் இலவசமாகவே பார்க்கலாம், அதற்கு முந்தையது வேண்டுமென்றால் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வந்தது மொத்தம் நாலு பதிவு. 1984-ல் ஓர் அடமானம். சில வருஷம் கழித்து அதற்கு ரசீது. தாத்தா போன பிறகு, 1998-ல், அண்ணன் தம்பிகள் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். 2022-ல் பில்டருக்குக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

அந்த 1984 அடமானத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வருஷம்தான் அவர்கள் வீட்டு அக்காவுக்குக் கல்யாணம். நாங்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் வாடகையில் அந்தத் தை மாசம் வழக்கமான பத்து ரூபாய்க்குப் பதில் இருபத்தைந்து ஏறியது, அம்மா முணுமுணுத்தாள். வீட்டையே வைத்துத்தான் கல்யாணம் செய்தார் என்பது நாற்பது வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது.

நாங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இருக்கவும் முடியாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால்தான் ஊர் முழுக்கப் பதினொரு மாச அக்ரிமென்ட். எங்கள் காலத்தில் அந்தத் தாளும் இல்லை. அப்பா நூறு ரூபாய் நோட்டாக ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார், தாத்தா எண்ணிப் பார்த்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக்கோங்க" என்றார். ஒப்பந்தம் முடிந்தது. ரேஷன் கார்டில் விலாசம் இருந்தது, வாக்காளர் பட்டியலில் ஒரு தடவை அப்பா பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள், மாமாவின் கடிதங்களில் "மெட்ராஸ்-44" என்று இருந்தது. அவ்வளவுதான்.

அந்த வீட்டில் மொத்தம் எத்தனை குடும்பம் இருந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். சொந்தக்காரர்கள் மூன்று தலைமுறை, ஒரே குடும்பம். குடித்தனக்காரர்கள்? வீட்டுக்கார அக்காவுக்குப் போன் போட்டேன். எழுபதை நெருங்குகிறார், மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். "ஐயோ, யாரு கணக்கு வெச்சா? ஒரு பத்துப் பன்னண்டு இருக்கும்டி" என்றார். அப்புறம், "இஸ்திரிக்காரர் இன்னும் அங்கதான் இருக்காரு, அவரைக் கேளு" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனேன். மீட்டர் கேஜ் ரயில் நின்று போனது 2004-ல், அதற்கு முன்பே நான் இந்த ஊர்ப் பக்கம் வருவதை விட்டிருந்தேன். ரயிலில் சானடோரியம் தாண்டும்போது கிழவர் ஒருவர், ஒரு காலத்தில் இங்கே வண்டி நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்வோம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். (டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய டி.பி. ஆஸ்பத்திரி அது, காற்று சுத்தம் என்றுதான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்.) ஒன்று கவனித்தீர்களா, சானடோரியம் குரோம்பேட்டையைத் தாண்டி, தாம்பரத்துக்கு முன்னால் வரும் ஸ்டேஷன். தூக்கக் கலக்கத்தில் குரோம்பேட்டையை விட்டுவிட்டு, தாம்பரத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டியதாகிவிட்டது. ஏழு வருஷம் இறங்கிய ஸ்டேஷன்.

தெருவுக்குள் நுழைந்தால் முதலில் குழப்பியது உயரம். எங்கள் காலத்தில் வீட்டுக்குப் போக மூன்று படி ஏற வேண்டும். மூன்றாவது படியில் உட்கார்ந்துதான் பாட்டி முருங்கைக்கீரை ஆய்வார். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே கொட்டிக்கொண்டு போனதில், நாங்கள் கிளம்பும்போது இரண்டு படிதான் வெளியே தெரிந்தது. அக்கா சொன்னார்: தொண்ணூறுகளின் முடிவில் ஒன்று, பிறகு தரைமட்டம், பிறகு வாசலில் சிமென்ட் திட்டுக் கட்டி அதைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டியிருந்தது. வீடு அப்படியே இருந்த இடத்தில் இருந்தது, ஊர்தான் அதன் மேல் ஏறிக்கொண்டே போனது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, முதலில் தண்ணீர் போனது இந்த மாதிரி வீடுகளுக்குள்தான். இந்தப் பக்கத்து மழைத்தண்ணீர் நெமிலிச்சேரி, செம்பாக்கம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போக வேண்டியது, நடுவில் வழியெல்லாம் நகர் நகராக மனை போட்டால் அது எங்கே போகும்? அக்கா அன்று பாட்டியின் பழைய மரக்கட்டிலின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் வடிந்ததும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனவள் திரும்ப விடவில்லை.

அப்புறம் நடந்தது கணக்கு. ஒன்றரை கிரவுண்டு என்றால் 3,600 சதுர அடி. 2019-ல் கட்டட விதிகள் மாறி எஃப்.எஸ்.ஐ., அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, ஒன்றரையிலிருந்து இரண்டானது. முன்பு 5,400 சதுர அடி கட்டக்கூடிய இடத்தில் இப்போது 7,200. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே எட்டு ஃபிளாட், வீட்டுக்காரருக்குப் பாதி, பில்டருக்குப் பாதி. பணம் போடாமல் நாலு ஃபிளாட் கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அக்கா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரோட்டுக்குக் கீழே போய்விட்ட வீட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியைத் தொடங்கிய சி. ராஜம் தன் சொந்த வீட்டை விற்றுத்தான் 1949-ல் அந்தக் கல்லூரியை உண்டாக்கினார் என்பார்கள், அங்கே படித்துத்தான் அப்துல் கலாம் விமானப் பொறியாளர் ஆனார். விற்ற வீட்டைப் பற்றி அங்கே யாரும் அழுததாகத் தெரியவில்லை.

சைட்டில் இருந்த சூப்பர்வைசர் பையன் நல்லவன். உள்ளே விட்டான். இடிக்க எத்தனை நாள் ஆனது என்றேன். "பின்னாடி காங்கிரீட்டு போர்ஷன் அரை நாள்லயே போயிடுச்சு மேடம். முன்னாடிதான் ரெண்டு நாளு இழுத்துச்சு. ஜேசிபி தட்டத் தட்ட அந்தத் தளம் மொத்தமா ஆடுது, ஒடைய மாட்டேங்குது." கேட்டபோது எனக்கு அற்பமாக ஒரு பெருமை வந்தது, எனக்குச் சம்பந்தமே இல்லாத தளத்தின் மேல். இடிப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டாம் என்றான், பழைய சாமான் எடுக்கிறவர்களே தேக்கு விட்டத்துக்கும் கதவு ஜன்னலுக்கும் பணம் கொடுத்துவிட்டு இடித்தும் கொடுத்துவிடுவார்களாம். கான்கிரீட்டிலிருந்து உருவிய கம்பி காயலான் கடைக்கு. உடைந்த கல்லும் காரையும்?

"கெணறு இருந்துச்சுல்ல மேடம், அதுல தள்ளிட்டோம்."

இருபத்திரண்டு உறைக் கிணறு. எண்ணித் தெரியும், மே மாதத்தில் தண்ணீர் அடியில் போகும்போது உட்கார்ந்து எண்ணுவோம். நாகல்கேணிப் பக்கம் கிணறுகள் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டபோதும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறு தப்பித்தது, உப்பு கொஞ்சம் ஏறியதோடு சரி. நாலு போர்ஷனுக்கும் அந்த ஒரு ராட்டினம். முறை உண்டு: காலை ஐந்தரை வரை வீட்டுக்காரர்கள், பிறகு நர்ஸக்கா, பிறகு நாங்கள், கடைசியில் மாடி ரூம் பையன்கள். இப்போது அதன் மேல் செம்மண் சமமாக இருந்தது. கூடம், படி, எங்கள் நீலச் சுவர், பாட்டியின் அம்மி மேடை எல்லாம் கீழே ஒன்றாகக் கிடக்கின்றன. நான் அதன் மேல் நின்றுகொண்டிருந்தேன். பையன் கொஞ்சம் தள்ளிக் காட்டி, போர்வெல் அங்கே போடப்போகிறோம், நீரோட்டம் பார்க்க வந்தவர் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் தேங்காயை நிறுத்தினார் என்றான்.

இஸ்திரிக்காரர் தெருமுனையில், அதே புங்க மரத்தடியில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெட்டி மாறியிருந்தது, கரிக்குப் பதிலாக கேஸ் டியூப். 1976-லிருந்து அங்கே நிற்கிறாராம். என்னைத் தெரியவில்லை. அந்த வீட்டில் குடியிருந்தவர்களைப் பற்றி விசாரிக்க வந்தேன் என்றதும், ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று ஒரு சட்டையை எடுத்து உதறினார். கோர்ட் கேஸ் எதுவும் இல்லை, சும்மா எழுதத்தான் என்று புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது.

பேச ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. அவருக்கு ஒருவர் பெயரும் ஞாபகம் இல்லை. எல்லாம் துணிதான்.

"முன்னாடி சைடு ரூம்ல ஒரு நர்ஸம்மா. வெள்ளைப் பொடவை, கஞ்சி போட்டது. மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும், இல்லாங்காட்டி திருப்பிக் குடுத்துடும்." சானடோரியத்தில் வேலை பார்த்த அக்கா. வார்டிலிருந்து வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார், எங்களை ஒருநாளும் தொட்டுப் பேசியதில்லை, அது பாசம் இல்லாததால் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

"மாடி ரூம்ல எம்.ஐ.டி. பசங்க. பெல்பாட்டம். ஒரு பேண்ட்டுக்கு ரெண்டு பேண்ட்டு கரி செலவாவும். எல்லாச் சட்டைலயும் இங்கி."

"அப்புறம் ஒரு மோட்டார் கம்பெனிக்காரரு. காக்கி. தேச்சா ஆயில் வாசன குப்புனு வரும். திடீர்னு ஒரு நாள் காக்கி நின்னு போச்சு. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட்டு, ஒரே ஜோடி, வாரத்துல மூணு தபா வந்துச்சு. இன்டர்வியூ போறாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். காசு கேக்கல."

"சிலோன்காரங்க இருந்தாங்களே" என்றேன் நான்.

1983 கலவரத்துக்குப் பிறகு, அந்த வருஷக் கடைசியில் வந்தவர்கள். ஓர் அம்மம்மா, அவர் மகள், இரண்டு பிள்ளைகள். மூத்த பெண் என் வயது. வந்த புதிதில் தம்பியைக் கடைக்கு அனுப்பி "பாண்" வாங்கிவரச் சொன்னார்கள், கடைக்காரர் பன் கொடுத்து அனுப்பினார். மறுபடி போய்ப் "பாண்" என்றான், மறுபடி பன். ஆறு பன்னோடு அழுதுகொண்டு வந்தவனை என் அம்மாதான் கூட்டிப் போய் பிரெட் வாங்கிக் கொடுத்தாள். அம்மம்மா என்னைப் "பிள்ளை" என்றே கூப்பிடுவார். "பிள்ளை, உந்தக் கிணத்தடியில காகம் நிக்குது, சோத்தை மூடி வையன்." ராத்திரி பிபிசி தமிழோசை வரும் நேரத்தில் அவர்கள் அறையில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள், முன்பக்கம் தாத்தாவும் தன் ரேடியோவை அணைத்துவிடுவார். அந்த நல்ல குணத்தையும் எழுத வேண்டும், கஞ்சர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக்கூடாது. 1987 கடைசியில் கனடாவிலிருந்து பெரிய மாமா கூப்பிட்டுக்கொண்டார். போகும்போது அம்மம்மா தேங்காய்த் துருவலக்கட்டையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார், அம்மா அதை ரொம்ப வருஷம் வைத்திருந்தாள்.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு வெள்ளை கவுனு இருந்துச்சு. ஸ்கூல் டிரஸ்ஸு, கழுத்துக்கு டை கூட உண்டு. இங்க அது படிச்ச ஸ்கூலுக்கு நீலப் பாவாடைதான். ஆனா மாசம் ஒரு தபா அந்தக் கவுனும் தேய்க்க வரும். போடாத துணி, அழுக்கே இருக்காது. ரெண்டாவது வருசம்லாம் பாத்தா அதுக்குச் சின்னதாப் பூட்டுருக்கும். அப்பவும் வந்துச்சு."

நான் அவளோடு நாலு வருஷம் ஒரே தெருவில் ஓடி விளையாடியவள். அந்தக் கவுனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பிறகு வந்தவர்களையும் அடுக்கினார். கார்மென்ட்ஸில் தைக்கப் போன பெண்கள், அவர்கள் துணியில் எப்போதும் நூல் ஒட்டியிருக்கும். ஏர்போர்ட்டில் லோடு தூக்கியவர். கால்சென்டர் பையன்கள், விடிகாலையில் கழுத்துப் பட்டையோடு வந்து தேய்த்த சட்டையை வாங்கிக்கொண்டு தூங்கப் போவார்கள். கடைசி நாலைந்து வருஷம், அக்கா போன பிறகு, கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பையன்கள் பத்துப் பேர். "அவங்க தேய்க்கவே குடுக்கல. எத்தினி பேரு, எப்ப வந்தாங்க, எப்ப போனாங்க, ஒண்ணும் தெரியாது." எண்ணிப் பார்த்தேன், அவரிடம் பதினோரு குடும்பம் தேறியது. வில்லங்கத்தில் நாலு பதிவு.

அங்கிருந்து திரும்பும்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இறங்கினேன், பழைய சாமானெல்லாம் விற்கும் இடம், கதவு எதுவும் கிடைக்குமா என்று. நல்ல தேக்குக் கதவு இங்கெல்லாம் வராது என்றார்கள். கறுப்பு பேக்கலைட் சுவிட்சுகள் சாக்கில் குவித்திருந்தன, உருண்டையானவை, போட்டால் டக்கென்று சத்தம் வரும். ஒன்று இருபது ரூபாய். வாங்கினேன். எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் நான் அவரிடம் ஒன்று கேட்டிருந்தேன். பின் போர்ஷனைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் ஆபீஸ் சட்டை, மஞ்சளில் கோடு போட்டது, அதைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எங்களைப் பற்றி என்ன ஞாபகம் இருக்கிறது என்றேன். எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தெட்டு வரை இருந்தோம், அப்பா சைக்கிளில் ஸ்டேஷன் போவார், நான் இரட்டைச் சடை.

அவர் என் முகத்தைப் பார்த்தார், புங்க மரத்தைப் பார்த்தார், கடைசியில் என் புடவையைப் பார்த்தார். அம்மா வெண்கலச் செம்பில் தணல் போட்டு, பாயின் மேல் போர்வை விரித்து, எல்லாவற்றையும் வீட்டிலேயே தேய்த்துவிடுவாள். ஒரு சட்டைக்கு இருபது பைசா மிச்சம். அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"எண்பத்தொண்ணுலேருந்தா?" என்றார். "அப்ப பின் போர்ஷன் காலியால்ல கெடந்துச்சுன்னு நெனச்சேன்."